உட்காரத் தெரிந்தவர்களுக்கு மட்டும்

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்றே மறுவாழ்வு மையத்தின் வாசலில் ஒரு சரிவுப் பாதை கட்டியிருந்தார்கள். பளபளவென்று கல் பதித்த அழகான பாதை. சக்கரம் ஏறினால் கீறல் விழுந்துவிடும் என்பதால் அதன் குறுக்கே பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆகவே அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் ஏறினாள்.

குழந்தைக்கு ஐந்து வயது. பெயர் என்னவாக இருந்தாலும் கூப்பிடுவது வாலு என்றுதான். மூளை முடக்குவாதம் வந்து, தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். ஒரு பொழுது கூட இருந்தவர்கள் கேட்க மாட்டார்கள். யாராவது தடுக்கி விழுந்தால் வாலுவுக்குச் சிரிப்பு வரும். பாத்திரம் உருண்டால் சிரிப்பு வரும். யாராவது தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்பீரமாகப் பேச ஆரம்பித்தால் அடக்கவே முடியாத சிரிப்பு வரும். பேச்சு வராது. மேலே பார்த்தால் ஆமாம், முகத்தைத் திருப்பிக்கொண்டால் இல்லை. இந்த இரண்டை வைத்துக்கொண்டே வீட்டை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எழுந்ததும் அவள் கால்களைப் பிரித்துவிட வேண்டும். இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். ஏதாவது கதை சொல்லி, அவள் காலை மறந்திருக்கிற நேரம் பார்த்து மெல்ல விரிக்க வேண்டும். பிறகு மூடிய விரல்களைக் கட்டை விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளங்கையைத் துடைக்க வேண்டும். பிறகு சாப்பாடு. மடியில் சாய்த்து, தாடையை விரலால் தாங்கி, மசித்ததை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். ஒரு வாய் உள்ளே இறங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். நடுவில் தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் போச்சு. உடம்பு தூக்கிப் போட்டு, கைகால் விறைத்து, ஊட்டியதெல்லாம் அம்மாவின் முகத்துக்கு வந்துவிடும். அதற்கும் வாலு சிரிப்பாள்.

இத்தனை நாளும் அம்மாவின் மடிதான் நாற்காலி. குழந்தை வளர்ந்தது, மடி வளரவில்லை. வாலுவின் அப்பா கொத்தனார். விடிந்தால் வேலைக்குப் போய்விட்டு, இருட்டும்போது சிமென்ட்டில் வெடித்த கைகளோடு வருவார். அவர் வந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அம்மாவால் குளிக்கவே முடியும்.

மையத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் இருந்தாள். வாலுவின் முதுகைத் தடவிப் பார்த்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, முதுகு ஒரு பக்கமா வளைய ஆரம்பிச்சிடுச்சு. இடுப்பு மூட்டும் நழுவுது. இவளை நிமிர்ந்து உட்கார வைக்கணும். பட்டையும் தலைக்குத் தாங்கலும் வெச்ச நாற்காலி வேணும். இங்கேயே குடுக்கறாங்க. விடாம கேளுங்க."

அவள் போய்க் கேட்டாள். மதிப்பீட்டு அதிகாரி சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அது ஒன்றுதான் நாற்காலி.

"குழந்தை உட்காருமா?"

"உட்காராது சார். அதனாலதான் நாற்காலி..."

"அப்ப தர முடியாது."

"உட்கார முடியாததுனாலதானே சார் கேக்குறேன்."

"அம்மா, பதறாம பதில் சொல்லுங்க. நாற்காலி எதுக்கு இருக்கு?"

"உட்கார்றதுக்கு."

"யாரு உட்காரணும்?"

"குழந்தை."

"குழந்தைதான் உட்காராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே!" கடினமான கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தவர்போல அவர் சாய்ந்துகொண்டார். "உட்காரத் தெரியாத குழந்தைக்கு நாற்காலி குடுத்து, அது விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? முதல்ல உட்காரப் பழகட்டும். மாடியில பயிற்சி வகுப்பு இருக்கு."

அவள் குழந்தையோடு மாடி ஏறினாள். லிஃப்ட் இருந்தது. அதில் நாற்காலிகளையும் ஊழியர்களையும் மட்டும்தான் ஏற்றுவார்கள். பயிற்சியாளர் அன்பானவர்.

"தாராளமா சொல்லிக் குடுக்கறேன்மா. குழந்தையோட நாற்காலியைக் கொண்டு வாங்க. நாற்காலி இல்லாம உட்காருறதை எப்படிப் பழக்கறது?"

அன்றைக்குச் சாயங்காலம் கொத்தனார் வாலுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அதாவது, நீச்சல் தெரிஞ்சாத்தான் தண்ணியில இறங்க விடுவாங்க."

"ஆமாங்க."

"தண்ணியில இறங்கினாத்தான் நீச்சல் சொல்லிக் குடுப்பாங்க."

"ஆமா."

வாலுவும் மேலே பார்த்தாள்.

நாற்காலி கேட்கும் தாய்மார்கள் மனத்திண்மை வகுப்புக்கு வந்தே தீர வேண்டும் என்று அடுத்த முறை போனபோது சொன்னார்கள். வகுப்பறைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சத்தம் போடுவார்கள், தாய்மார்களின் திண்மை கலையும்.

"குழந்தையை யாருகிட்ட விடறது மேடம்?" என்று அவள் ஆலோசகரிடம் கேட்டாள்.

"அதைக் கண்டுபிடிக்கறதுதான் உங்க திண்மைக்கு முதல் பயிற்சி" என்றார் ஆலோசகர்.

அவள் யோசித்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். தலை வகுப்புக்குள் இருந்தது. மடியும் குழந்தையும் நடைபாதையில் இருந்தன. விதியில் இதற்குத் தடை ஏதும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்துகொண்டு ஆலோசகர் பேசத் தொடங்கினார்.

"தாய்மார்களே! களைப்பு என்று ஒன்று கிடையாது. களைப்பாக இருக்கிறது என்ற எண்ணம்தான் களைப்பு. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மத்தியானம் தூங்கி எழுகிறேன், வருடத்துக்கு இரண்டு முறை மலைப்பிரதேசம் போகிறேன். என்றைக்காவது களைப்பு என்று சொல்லியிருக்கிறேனா? எல்லாம் மனம்தான்!"

முந்தைய இரவு வாலுவுக்குத் தசை இழுத்துக்கொண்டே இருந்ததால் அம்மாவுக்குத் தூக்கமில்லை. நிலையில் தலை சாய்ந்ததும் கண் சொருகிவிட்டது.

"பாருங்கள் இந்தத் தாயை!" ஆலோசகரின் குரல் நெகிழ்ந்தது. "கண்ணை மூடிக்கொண்டு என் சொற்களை எப்படி உள்வாங்குகிறார்! இந்த அமைதி உங்கள் எல்லோருக்கும் வர வேண்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டலில் வாலு திடுக்கிட்டு விறைத்தாள். அம்மா விழித்துக்கொண்டாள். அவளுக்கு மனத்திண்மையில் முதலிடம் கிடைத்திருந்தது.

முதலிடம் கிடைத்ததால் மறுமதிப்பீடும் கிடைத்தது. இந்த முறை அதிகாரியோடு இன்னும் இரண்டு பேர் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். வாலுவை மேசைமேல் வைத்தார்கள். பின்னால் ஒரு தலையணை, பக்கத்துக்கு ஒன்று. தோளைப் பியூன் பிடித்துக்கொண்டார்.

"உட்கார்ந்துட்டாளே!" என்றார் அதிகாரி. குழுவின் முகம் மலர்ந்தது. "இப்படி உட்காருற குழந்தைக்கு விசேஷ நாற்காலி எதுக்கும்மா? வீட்டுல சாதா நாற்காலி இருக்கும்ல?"

"சார், அவர் பிடிச்சிட்டிருக்காரு" என்றாள் ஓரமாக நின்ற பிசியோ.

"அப்படியா? கையை எடுப்பா."

பியூன் கையை எடுத்தார். வாலு தலையணையோடு மேசை விளிம்புப் பக்கம் சாய்ந்தாள். அம்மா எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையைத் தாங்கிவிட்டாள். முழங்கால் தரையில் மோதித் தோல் உரிந்தது. குழுவில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மாவோட வேகம் பிரமாதம். இவ்வளவு வேகமாப் பிடிக்கிற தாய் இருக்கும்போது பட்டை வெச்ச நாற்காலி எதுக்கு? மத்த குழந்தைங்களுக்கு இந்த வசதி இல்லையே."

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தாலும் நாற்காலி இல்லை, விழுந்தாலும் இல்லை, விழாமல் பிடித்தாலும் இல்லை. அழுகை வரவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பிசியோ வந்து கை கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் அந்தப் பக்கமாக வந்தார். கதவருகே நின்று, "என்ன பிரச்சினை?" என்று கேட்பதற்கு முன் தொண்டையைக் கனைத்தார். வாலு அம்மாவின் தோளுக்கு மேலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் குழிய, கண் சுருங்க, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

இயக்குநர் உருகிவிட்டார். "குழந்தைக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப் போச்சு!"

போன வருட ஆண்டு விழாவில் மேடையேறிய குழந்தை கடைசிவரை வீறிட்டு அழுதது. புகைப்படங்கள் எதற்கும் உதவவில்லை. இந்த வருடத்துக்குச் சிரிக்கிற குழந்தை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அங்கேயே முடிவெடுத்தார். விழா மேடையில் வாலுவுக்கு நாற்காலி வழங்கப்படும்.

விழா நாளில் மேடைக்குப் பின்னால் வைத்து பிசியோதான் வாலுவை நாற்காலியில் உட்கார வைத்தாள். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டையைப் பூட்டினாள். முழங்கால்களுக்கு நடுவே பஞ்சு வைத்த கட்டை. நெஞ்சுக்கு ஒரு பட்டை, தலைக்கு இரு பக்கமும் தாங்கல், காலுக்குப் பலகை, அடியில் சக்கரங்கள். வேலை முடிந்து அவள் விலகியதும் அம்மா பார்த்தாள். வாலுவின் தலை நேராக நின்றது. கழுத்து இவ்வளவு நீளமா? ஐந்து வருடமாக மேலிருந்து உச்சியையும் பக்கவாட்டில் காதையும் பார்த்துப் பழகியவள், தன் குழந்தையை எதிரே பார்த்து யாரோபோல நின்றாள். வாலுவும் அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். மூடியே இருந்த வலது கை கொஞ்சம் திறந்து அம்மாவின் துணியைப் பிடித்தது.

மேடையில் இயக்குநர் முழங்கினார்.

"பெரியோர்களே! இதை நாற்காலி என்று சொல்வதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இது நாற்காலி அல்ல! இன்று முதல் இவைதான் இந்தக் குழந்தையின் கால்கள்! என் தலைமையில் இந்த மையம் இந்த ஆண்டு மட்டும் ஏழு முறை நாற்காலி வழங்கியிருக்கிறது. ஏழு முறையும் நானே வழங்கினேன். ஏழு முறையும் எனக்குக் கண் கலங்கியது. இதைவிட ஒரு குழந்தைக்கு என்ன வேண்டும்?"

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டை இருந்ததால் விழவில்லை. கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது.

கூட்டம் கலைந்ததும் ஸ்டோர்க்காரர் வந்தார்.

"குழந்தையை இறக்குங்கம்மா. நாற்காலியை உள்ள வைக்கணும்."

"குடுத்தீங்களே?"

"வழங்கினோம். குடுக்கல."

ஸ்டோர்க்காரர் பொறுமையாக விளக்கினார். "வழங்குறது மேடையில. குடுக்கறது ஸ்டோர்ல. ஸ்டோர்ல குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நம்மகிட்ட இருக்கறதே இந்த ஒரு நாற்காலிதான். அதைத்தான் ஏழு தடவையும் வழங்கியிருக்கோம். ஒரு கீறல் இருக்கா பாருங்க!" அவர் குரலில் பெருமை இருந்தது.

"கால்னு சொன்னாரே சார்..."

"மைக்குல சொன்னது வேறம்மா."

அவள் நகரவில்லை. பட்டையிலும் கை வைக்கவில்லை. ஸ்டோர்க்காரர் தானே குனிந்து கழற்றப் பார்த்தார். வாலு விறைத்துப் பலகையாகி, அவர் சட்டையில் எச்சில் வடித்தாள். அவர் பின்வாங்கி இயக்குநரைக் கூட்டி வந்தார். இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருப்பதில் பயிற்சி பெற்றவர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"நாற்காலியைக் குழந்தையிடம் கொண்டுபோவது பழைய முறை. குழந்தையை நாற்காலியிடம் கொண்டுவருவது புதிய முறை. நாற்காலி வரவேற்பறையில் இருக்கட்டும். தினமும் அழைத்து வாருங்கள், அலுவலக நேரம் முழுக்க உட்காரலாம். வருகிறவர்களும் பார்ப்பார்கள்."

மறுநாளிலிருந்து அவள் வாலுவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரத் தொடங்கினாள். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய புகைப்படம் மாட்டினார்கள். அதில் இயக்குநர் முழுதாகவும் வாலு பாதியாகவும் இருந்தார்கள். விருந்தினர்கள் வருவார்கள். இயக்குநர் கனைப்பார், வாலு சிரிப்பாள், அவர்கள் நெகிழ்ந்து கிளம்புவார்கள். வரவேற்பறையில் சாப்பாடு ஊட்டக் கூடாது, தரையில் சிந்தும். எனவே பசிக்கும்போது பட்டைகளைக் கழற்றி, குழந்தையைப் பின்புறம் தூக்கிப் போய், குழாயடியில் பழையபடி மடியில் சாய்த்து ஊட்டிவிட்டு, திரும்ப வந்து பூட்டுவாள். சும்மாதானே இருக்கிறீர்கள் என்று பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவளிடம் விட்டார்கள்.

வீட்டில் துணி குவிந்தது. கொத்தனார் வேலை முடிந்து வந்து சமைத்தார். வராமல் இருந்துவிடலாம் என்று அவள் தினமும் காலையில் நினைப்பாள். ஆனால் பிசியோ ஒரு நாள் வாலுவின் முதுகைத் தடவிப் பார்த்து, "வளைவு அப்படியே நிக்குதுக்கா, கூடல" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வராமல் எப்படி இருப்பது? வந்தால் குழந்தையின் முதுகு அப்படியே நிற்கும், வராவிட்டால் வளையும். அவளைக் கட்டிப்போட அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. விருந்தினர்கள் அவளிடம், "உங்களுக்கு எவ்வளவு உதவி செய்கிறார்கள்!" என்பார்கள். அவள், "ஆமாங்க" என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் மதிப்பீட்டு அதிகாரி வந்தார்.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா. நாற்காலி கண்காட்சிக்குப் போகுது. ஊர் ஊராச் சுத்திட்டு வரும்."

"எப்ப சார் திரும்பும்?"

"அதைச் சொல்ல முடியாது. கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. பெரிய கௌரவம்."

"குழந்தை?"

"குழந்தை தேவைப்படாது. பெட்டியில இடம் கம்மி."

அவர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் பட்டையைக் கழற்றக் குனிந்தாள். வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா இன்னொரு முறை குனிந்தாள். வாலு இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாங்கல் இருந்ததால் இரண்டு பக்கமும் நன்றாகத் திருப்ப முடிந்தது.

அம்மா நிமிர்ந்தாள். பிரேக்கை எடுத்தாள். வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டு, சரிவுப் பாதையில் நாற்காலியை இறக்கினாள். வழுவழுவென்று இறங்கியது. நல்ல பாதைதான்.

கேட்டில் காவலாளி மறித்தார். "நாற்காலியை வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவும்மா."

அவள் கைப்பிடியை விடவில்லை. "இது நாற்காலி இல்லண்ணா. இவளோட காலுன்னு இயக்குநரே மைக்குல சொன்னாரு. நீங்களும் அங்கதானே நின்னீங்க."

"நின்னேன்."

"கை தட்டினீங்க."

"தட்டச் சொன்னாங்க, தட்டினேன்." காவலாளி வாலுவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உள்ளே இருண்ட கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "காலை வெளிய விடக் கூடாதுன்னு உத்தரவு எதுவும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேட்டைத் திறந்தார். முகத்தில் மட்டும் கண்டிப்பைக் குறைக்கவில்லை.

பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். தெருவெல்லாம் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் மையத்து ஜீப்தான் துரத்தி வருகிறதென்று திரும்பிப் பார்த்தாள். வாலுவுக்கு அந்தக் கவலை இல்லை. இதுவரை வானத்தையும் அம்மாவின் தோளையும் மட்டுமே பார்த்துப் போன தெருவை, கடை கடையாக, ஆள் ஆளாக, நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நாய் அவள் மூக்குக்கு நேரே வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்து வாசலில் தள்ளினால் நாற்காலி நுழையவில்லை. நேராகத் தள்ளினாள், சாய்த்துத் தள்ளினாள், திருப்பிப் பின்பக்கமாக இழுத்தாள். சக்கரம் நிலையில் முட்டிக்கொண்டு நின்றது. நாலு விரல் இடம் போதவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள். மையத்தில் வராத அழுகை அங்கே வந்தது.

கொத்தனார் வேலை முடிந்து வந்தபோது இருவரும் வெளியேதான் இருந்தார்கள். அவர் வாலுவைச் சுற்றி வந்து ஒருமுறை பார்த்தார். பிறகு வாசலைக் கையால் அளந்து பார்த்தார். பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"ஏங்க, வீட்டுக்காரர்கிட்ட கேக்க வேண்டாமா?"

"கேட்டா, ஒரு குழு போட்டுப் பாக்கலாம்பாரு."

முதல் அடி விழுந்தது. வாலு தூக்கிவாரிப் போட்டு விறைத்தாள். பட்டை பிடித்துக்கொண்டது. இரண்டாவது அடிக்குக் காத்திருப்பதுபோல அப்பாவின் கையையே பார்த்தாள். அடி விழுந்து காரை உதிர்ந்ததும் கலகலவென்று சிரித்தாள். மரநிலை பெயர்ந்து, பக்கச் செங்கல் இரண்டு வரிசை வந்ததும் மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா பண்றே? யாரைக் கேட்டு இடிக்கிறே? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

"பண்ணிடறோம் சார்" என்றார் கொத்தனார், செங்கல்லை ஓரமாக அடுக்கிக்கொண்டே. "நாளைக்குத்தானே? இன்னிக்கு அவ உள்ள உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடட்டும்."

நாற்காலி உள்ளே போனது. கதவு இல்லாத வாசலில் கொத்தனார் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அவள் தட்டோடு வந்து, குழந்தைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து ஊட்டுவது புதிதாக இருந்ததால் முதல் ஸ்பூனைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு நேரே திருப்பினாள். வெளியே வண்டி ஒன்று வந்து நிற்கும் சத்தமும், யாரோ இறங்கித் தொண்டையைக் கனைக்கும் சத்தமும் கேட்டன. கொத்தனார் சுத்தியலைக் கீழே வைக்காமல் போர்வைக்கு அந்தப் பக்கம் போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாலு அந்த வாயை விழுங்கி முடிக்கட்டும் என்று ஸ்பூனோடு காத்திருந்தாள்.